டிராக் டே காருக்குத் தற்காலிகப் பந்தய எண்: எதை ஒட்டுவது, எங்கே ஒட்டுவது, எப்படிக் கழற்றுவது

அன்றாடம் ஓட்டும் காரையே டிராக் டேக்கும் (சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்ட விடும் நாள்) ஆட்டோகிராஸுக்கும் (திறந்தவெளியில் கூம்புகளால் அமைத்த பாதையில் நேரம் கணித்து ஓட்டும் போட்டி) கொண்டுசெல்லும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: நிகழ்ச்சியை நடத்துபவர்கள் காரின் இரு பக்கமும் எண் இருக்க வேண்டும் என்கிறார்கள், அந்த எண் வேகத்தில் பிய்ந்து பறக்கக் கூடாது, மாலையில் எடுக்கும்போது பெயின்ட்டில் எந்த வடுவும் மிஞ்சக் கூடாது, அப்படியானால் டேப்பா, காந்தத் தகடா, வினைல் ஸ்டிக்கரா, எதை நம்புவது?

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் ஒன்றிரண்டு நிகழ்ச்சிகளுக்கு அகலமான பெயின்டர் டேப் போதும். ஆட்டோகிராஸில் மட்டும் தொடர்ந்து கலந்துகொள்வதாக இருந்து, கதவுகளும் இரும்பினாலானவையாக இருந்தால், காந்தத் தகடு வசதியானது. முழு வேகத்தில் ஓட்டும் சுற்றுத் தடத்துக்கு, எளிதில் உரிக்கக்கூடிய பசை கொண்ட வினைலில் வெட்டிய எண்ணே என் தேர்வு. ஆனால் எந்தப் பொருளில் எண்ணைச் செய்வது என்பது இரண்டாவது கேள்விதான். பெயின்ட்டைப் பற்றிய கவலையிலேயே தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறவர்களின் கார்களில், பக்கத்தில் நின்றால் அழகாகவும் ஐம்பது மீட்டர் தள்ளி நின்றால் வெறும் கறையாகவும் தெரியும் எண்களையே பெரும்பாலும் பார்க்கிறேன். அந்த எண்ணை யார், எங்கிருந்து, எவ்வளவு நேரத்துக்குள் படிக்க வேண்டியிருக்கிறது என்பதிலிருந்து தொடங்கினால், அளவும் நிறமும் இடமும் ஏறத்தாழத் தாமாகவே முடிவாகிவிடும்.

ஆட்டோகிராஸில் எண்ணைப் படிப்பவர், கூம்புகளுக்கு நடுவே நிற்கும் தன்னார்வலர். கார் ஒரு கூம்பைத் தட்டிவிட்டால், அவர் அந்தக் காரின் எண்ணை வாக்கி-டாக்கியில் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் எஸ்சிசிஏ என்ற மோட்டார் விளையாட்டு அமைப்பின் விதிப்படி ஒரு கூம்புக்கு 2 வினாடி தண்டம். எண் சரியாகத் தெரியாவிட்டால் அந்த 2 வினாடி வேறொருவரின் கணக்கில் ஏறும், அல்லது வேறொருவருடையது உங்கள் கணக்கில் ஏறும். சுற்றுத் தடத்தில் இதைவிடப் பெரிய பொறுப்பு எண்ணின் மேல் இருக்கிறது. ஓட்டுநரைத் தடத்திலிருந்து வெளியே அழைக்கும் கறுப்புக் கொடியும், இயந்திரக் கோளாறைக் குறிக்கும் ஆரஞ்சு வட்டமிட்ட கறுப்புக் கொடியும் பொதுவாகக் குறிப்பிட்ட ஒரு காருக்கு மட்டும் உரியவை. அது எந்தக் கார் என்பதைக் கொடியோடு சேர்த்துக் காட்டும் எண்தான் சொல்கிறது. உங்கள் காரிலிருந்து எண்ணெய் கசிவதை வளைவில் நிற்கும் மார்ஷல் (கொடி காட்டித் தடத்தைக் கண்காணிப்பவர்) பார்த்துவிட்டாலும், எண்ணைப் படிக்க முடியாமல் "ஏதோ ஒரு சாம்பல் நிறக் கார்" என்று மட்டும் சொல்ல நேர்ந்தால், கட்டுப்பாட்டு அறை உங்களை நிறுத்துவதற்குள் பின்னால் வருபவர்கள் அந்த எண்ணெயின் மேல் ஏறியிருப்பார்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு வினாடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறது. பக்கவாட்டில் நிற்பவருக்குக் கிடைப்பது அந்த ஓரிரு வினாடிதான்.

பந்தய எண் என்பது தொடக்கத்திலிருந்தே அலங்காரமாக அல்லாமல் தகவலாகவே இருந்திருக்கிறது. 1955ஆம் ஆண்டு இத்தாலியின் மில்லே மிக்லியா சாலைப் பந்தயத்தில் ஸ்டெர்லிங் மாஸ் ஓட்டி வென்ற மெர்சிடிஸ் காரின் எண் 722. அவர் காலை 7.22 மணிக்குப் புறப்பட்டார் என்பதே அதன் பொருள். சாலையோரம் நின்ற எவரும் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தே அவர் புறப்பட்டு எவ்வளவு நேரமாயிற்று என்று கணக்கிட்டுவிடலாம்.

இனி அளவு. முதலில் பார்க்க வேண்டியது உங்கள் நிகழ்ச்சியின் விதிப் புத்தகத்தைத்தான். அதில் உள்ள எண்ணளவே இறுதியானது. எஸ்சிசிஏ ஆட்டோகிராஸ் விதி, எண்ணின் உயரம் குறைந்தது 8 அங்குலம் (ஏறத்தாழ 20 செ.மீ.), கோட்டின் தடிமன் குறைந்தது 1.25 அங்குலம் (3.2 செ.மீ.) இருக்க வேண்டும் என்கிறது, பிரிவைக் குறிக்கும் எழுத்துகளுக்கு 4 அங்குல உயரம் போதும். சர்வதேச மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்ஐஏவின் விதி இதைவிடப் பெரிய எண்ணைக் கேட்கிறது: வெள்ளைச் செவ்வகத்தின் மேல் கறுப்பு எண், உயரம் குறைந்தது 28 செ.மீ., தடிமன் 5 செ.மீ. இரண்டிலும் தடிமன், உயரத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காக இருப்பதைக் கவனியுங்கள். அந்த விகிதத்துக்குக் காரணம் உண்டு. கோடு இதைவிட மெலிந்தால் தொலைவில் அது பின்னணியோடு கரைந்துவிடும். மிகவும் தடித்தால் 8, 6, 9 ஆகியவற்றின் உள்துளைகள் அடைபட்டு, மூன்றும் ஒரே உருண்டையாகத் தெரியும்.

இந்த அளவுகள் எவ்வளவு தொலைவுக்குப் போதும் என்பதை நாமே கணக்கிடலாம். குறையில்லாத பார்வை உள்ளவர் ஓர் எழுத்தைப் படிக்க, அது அவர் கண்ணில் ஒரு பாகையின் பன்னிரண்டில் ஒரு பங்கு கோணத்தையாவது நிரப்ப வேண்டும் என்பது கண் மருத்துவர்களின் எழுத்து அட்டைக்கு அடிப்படையான கணக்கு. அதன்படி 20 செ.மீ. எண்ணைச் சுமார் 137 மீட்டர் தொலைவிலிருந்தும், 28 செ.மீ. எண்ணைச் சுமார் 190 மீட்டர் தொலைவிலிருந்தும் படிக்க முடியும். ஆனால் அது நல்ல வெளிச்சத்தில், அசையாத எண்ணை, நேருக்கு நேர் நின்று பார்ப்பவருக்கான எல்லை. ஓடும் கார், சரிந்த கோணம், தூசு, எதிர்வெயில் எல்லாம் சேரும்போது அதில் பாதியையோ அதற்கும் குறைவாகவோதான் எதிர்பார்க்க வேண்டும். ஆகவே விதி கேட்கும் குறைந்தபட்ச அளவைச் சரியாகத் தொட்டு நிறுத்துவதைவிட, கதவில் இடமிருக்கும்வரை ஒரு படி பெரிதாக வைப்பதே நல்லது.

அளவைவிட அதிகமான எண்களைக் கெடுப்பது நிற வேறுபாடு இல்லாமைதான். வெள்ளிக் காரில் வெள்ளை எண், கறுப்புக் காரில் சிவப்பு எண், வெள்ளைக் காரில் மஞ்சள் எண் ஆகியவை அருகில் தனித்தனி நிறங்களாகத் தெரிந்தாலும் தொலைவில் ஒன்றாகிவிடும். தொலைவிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு நிறத்தைவிட வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாடே முதலில் எட்டுகிறது. சிவப்பும் கறுப்பும் அந்த வகையில் நெருங்கிய உறவினர், அதிலும் சிவப்பைக் குறைவாக உணரும் நிறப்பார்வைக் குறை உள்ள மார்ஷலுக்கு அவை இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. எண்ணை ஒட்டியபின் இருபது முப்பது அடி தள்ளி நின்று கைபேசியில் படமெடுத்து, அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அதில் எண் பளிச்சென்று நின்றால் தடத்திலும் நிற்கும். சாம்பல், நடுத்தர நீலம் போன்ற நடுவாந்தர நிறக் கார்களில் எந்த எண் நிறமும் முழுமையாக எடுபடாது. அங்கே வெள்ளைச் செவ்வகம் ஒன்றை ஒட்டி, அதன் மேல் கறுப்பு எண்ணை வைப்பதைத் தவிர நல்ல வழி இல்லை. பளபளக்கும் குரோம் வினைலையும் கார்பன் ஃபைபர் தோற்றம் கொண்ட வினைலையும் அறவே தவிர்த்துவிடுங்கள். வெயில் படும் கோணத்துக்கு ஏற்ப அவை ஒருமுறை வெள்ளையாகவும் மறுமுறை கறுப்பாகவும் மாறிக் காட்டும்.

எழுத்துருவைப் பொறுத்தவரை நேரான, கட்டையான எண்களே வேண்டும். சாய்வெழுத்து, நிழல், மெல்லிய வெளிக்கோடு, தீப்பிழம்பு வடிவம் எல்லாம் வடிவமைத்தவருக்கு மட்டுமே படிக்கத் தெரியும். இது அனுபவமில்லாத புதியவர்களின் தவறு மட்டும் அன்று. ஃபார்முலா 1 அணிகளே தங்கள் கார்களின் வண்ண வடிவமைப்புக்குள் எண்களை அமுக்கிச் சிறிதாக்கி வைத்திருந்ததால்தான், 2017 ஸ்பானிஷ் கிராண்ட் பிரி முதல் எண்களும் ஓட்டுநர் அடையாளமும் வெளியிலிருந்து தெளிவாகத் தெரியும்படி பெரிதாக இருக்க வேண்டும் என்று எஃப்ஐஏ வற்புறுத்த வேண்டி வந்தது. இரண்டு இலக்கங்களுக்கு இடையே குறைந்தது ஒரு கோட்டின் தடிமன் அளவுக்காவது இடைவெளி விடுங்கள். நெருக்கி ஒட்டிய 11 தொலைவில் ஒரே பட்டையாகிவிடும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பலருக்கும் நினைவுக்கு வராத ஒன்று, பக்கவாட்டுக் கண்ணாடியின் நிலை. பல டிராக் டேக்களில் முன் கதவுக் கண்ணாடிகளை முழுவதும் இறக்கிவிட்டே ஓட்ட வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. பெயின்ட்டைக் காப்பாற்றுவதாக நினைத்து அந்தக் கண்ணாடியில் எண்ணை ஒட்டியவரின் எண், கண்ணாடியோடு சேர்ந்து கதவுக்குள் போய்விடும். கண்ணாடிதான் வேண்டும் என்றால், இறங்காத பின்பகுதிப் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பாருங்கள். அதுவும் பெரும்பாலான கார்களில் 20 செ.மீ. எண்ணுக்குச் சிறியது, கறுப்புப் படலம் ஒட்டியிருந்தால் வெள்ளை எண் மட்டுமே எடுபடும். ஆகவே பெரும்பாலோருக்குக் கதவின் நடுப்பகுதியே சரியான இடம். கதவின் முன் விளிம்பை ஒட்டி வைக்காதீர்கள். முன் சக்கரப் பள்ளத்திலிருந்தும், பின்னால் வருவதைக் காட்டும் பக்கக் கண்ணாடியிலிருந்தும் கிளம்பும் குழம்பிய காற்று அங்கேதான் அடிக்கிறது. எந்தப் பொருளாக இருந்தாலும் உரியத் தொடங்குவது அந்தப் பக்கத்திலிருந்துதான். கதவில் ஓடும் மடிப்புக் கோட்டின் மேலும், இரண்டு பேனல்களுக்கு இடையிலான இடைவெளியின் மேலும் எண் பாலம் போடக் கூடாது.

டேப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் இதில்தான் தொடங்குகிறார்கள். சரியாகச் செய்தால் இது மிக நல்ல முறையும்கூட. சுவருக்குப் பெயின்ட் அடிக்கும்போது ஓரங்களை மறைக்கப் பயன்படும் காகித டேப்தான் வேண்டும். அது பொதுவாக 24, 36, 48 மில்லிமீட்டர் அகலங்களில் கிடைக்கிறது. 3.2 செ.மீ. தடிமன் கேட்கும் விதிக்கு 24 மி.மீ. டேப்பின் ஒற்றைப் பட்டை போதாது, 36 மி.மீ. டேப் ஒரே பட்டையில் விதியை நிறைவு செய்துவிடும், 5 செ.மீ. கேட்கும் இடத்தில் 48 மி.மீ.கூடச் சற்றுக் குறைவு, அங்கே இரண்டு பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறும்படி ஒட்ட வேண்டும். எண்ணை மின்னணுக் கடிகாரத்தில் வருவதுபோன்ற நேர்க்கோட்டு வடிவத்தில் அமைத்தால் வளைவுகள் தேவைப்படாது. எண்ணைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இருந்தால் 1, 4, 7 ஆகியவற்றால் ஆன எண்ணைக் கேளுங்கள். 14, 41, 71, 77 எல்லாம் சில நிமிடங்களில் முடியும், தொலைவிலும் குழப்பாது. 7இன் மேல்கோடு போதிய நீளத்துடன் இருக்கட்டும், இல்லையேல் அது 1 ஆகிவிடும். 88, 68, 96 போன்றவை டேப்பில் வேலையையும் கூட்டும், படிப்பவரையும் ஏமாற்றும்.

பட்டைகளை அடுக்கும் வரிசையும் முக்கியம். கூரையில் ஓடு வேய்வதுபோல, காற்று வரும் பக்கத்துப் பட்டை எப்போதும் மேலே இருக்க வேண்டும். அதாவது காரின் பின்பக்கத்துப் பட்டையை முதலில் ஒட்டி, முன்பக்கத்துப் பட்டையின் விளிம்பை அதன் மேல் ஏற்ற வேண்டும். ஒட்டிய பின் ஒவ்வொரு விளிம்பையும் விரல் நகத்தின் பின்புறத்தாலோ பிளாஸ்டிக் அட்டையாலோ அழுத்தித் தேயுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, டேப்பைக் காரின் மேல் வைத்து பிளேடால் வெட்டாதீர்கள். பசையால் பெயின்ட் கெட்டுப்போவதைவிட, டேப்பைத் தாண்டிக் கிளியர் கோட்டில் (பெயின்ட்டின் மேலுள்ள நிறமற்ற பாதுகாப்புப் பூச்சில்) இறங்கிய பிளேடுக் கோட்டால் கெட்டுப்போவதே அதிகம்; அந்தக் கோட்டைப் பாலிஷ் போட்டு மறைக்க முடியாது. வேண்டிய நீளத்துக்குக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துக்கொண்டு வந்து ஒட்டுங்கள்.

நீல நிற டேப் வெள்ளைக் காரில் ஓரளவு தெரியும், கறுப்பு, நீலம், அடர் சிவப்புக் கார்களில் காணாமல் போகும். அடர்நிறக் காருக்கு வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள் டேப்பைத் தேடுங்கள். வெள்ளைக் காருக்குச் சிலர் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைப் பயன்படுத்துகிறார்கள். வேறுபாடு நன்றாக இருக்கும். ஆனால் அதை இழுத்துப் பிடித்து ஒட்டினால், வெயிலில் அது தன் பழைய நீளத்துக்குச் சுருங்கி, நுனிகளில் பிசுபிசுப்பான பசைக் கோட்டை விட்டுச்செல்லும். இழுக்காமல், தளர்வாகப் படிய வைத்து ஒட்டினால் ஒரு நாளுக்குத் தாங்கும். சாம்பல் நிறத் துணி டேப்பை, அதாவது டக்ட் டேப்பை, கார் உடலின் அருகிலேயே கொண்டுவர வேண்டாம். அதன் ரப்பர் பசை சூட்டில் இளகிப் பெயின்ட்டில் தங்கிவிடும். காகித டேப்புக்கு எதிரி மழை. நனைந்தால் அது ஊறித் தொங்கும், ஆகவே மழை வாய்ப்புள்ள நாளில் வேறு வழி கையில் இருக்கட்டும். பரவலாக விற்கும் நீல டேப் ஒன்றில் 14 நாள்வரை பசை தங்காமல் உரிக்கலாம் என்று உற்பத்தியாளர் சொல்கிறார். அது சுவரையும் சன்னல் சட்டத்தையும் மனத்தில் வைத்துச் சொன்னது. நாள் முழுதும் வெயிலில் நின்று சூடேறிய கார் கதவுக்கு அந்தக் கணக்கைப் பொருத்தாமல், அன்று மாலையே எடுத்துவிடுங்கள்.

காந்தத் தகட்டின் கவர்ச்சி புரிகிறது: ஒரு நொடியில் வைக்கலாம், ஒரு நொடியில் எடுக்கலாம், பசை என்ற பேச்சே இல்லை. ஆனால் அது ஒட்டுவதற்கு முதலில் இரும்பு வேண்டும். கார்வெட் கார்களின் உடல் தொடக்கத்திலிருந்தே இழைக் கண்ணாடியாலும் அதுபோன்ற கலவைகளாலும் ஆனது; 2015 மாடல் முதல் ஃபோர்டு எஃப்-150இன் உடல் அலுமினியம்; அண்மைத் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5இல் கதவுகள் இரும்பு, ஆனால் பானெட்டும் முன் ஃபெண்டர்களும் அலுமினியம். ஆகவே தகட்டுக்குச் சொல்லிவைப்பதற்கு முன், துணியில் சுற்றிய ஒரு சிறிய காந்தத்தைக் கதவின் பல இடங்களில் வைத்துப் பாருங்கள். முன்பு அடிபட்டுப் பட்டி வைத்துச் சரிசெய்த கதவிலும் பிடிப்பு குறைந்திருக்கும். வாகனங்களுக்கென்று விற்கும் தகடு ஏறத்தாழ 0.76 மி.மீ. கனமுள்ளது, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் மெல்லிய தகட்டில் வெட்டிய எண் நெடுஞ்சாலை வேகத்தையே தாங்காது.

காந்தத்தின் பிடிப்பு, தகடு முழுப் பரப்பிலும் உலோகத்தோடு ஒட்டிக் கிடப்பதைப் பொறுத்தது. இடையில் காகிதத்தின் தடிமன் அளவுக்குக் காற்று புகுந்தாலே அந்த இடத்தில் பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். உள்நோக்கி வளைந்த பகுதியில் தகடு பாலம்போல் நிற்கும், முன் விளிம்பு சற்றே தூக்கும், காற்று உள்ளே புகும், பிறகு அது தடத்தில் கிடக்கும். இதனால்தான் சுற்றுத் தடத்தில் காந்த எண்களைச் சில அமைப்பாளர்கள் ஏற்பதில்லை. ஏற்றுக்கொள்ளும் இடத்திலும் முன் விளிம்பின் மேல் ஒரு பட்டை டேப் ஒட்டச் சொல்வார்கள். ஆட்டோகிராஸின் வேகத்துக்கு இந்த ஆபத்து குறைவு. தனித்தனி இலக்கங்களாக வெட்டுவதைவிட, மூலைகளை உருட்டிய ஒரே செவ்வகத் தகட்டின் மேல் எண்ணை ஒட்டுவது உறுதியானது. மெல்லிய கூர்முனைகள்தான் முதலில் மடங்குகின்றன.

பெயின்ட்டுக்குக் காந்தத்தால் கேடே வராது என்ற எண்ணமும் தவறு. தகட்டுக்கும் கதவுக்கும் இடையே சிக்கும் மணல்துகள், கார் அதிர அதிர உப்புத்தாள்போல் தேய்க்கும். ஒவ்வொரு முறையும் கதவையும் தகட்டின் பின்பக்கத்தையும் ஈரத் துணியால் துடைத்து, இரண்டும் உலர்ந்தபின் வையுங்கள். வைத்தபின் இழுத்து நகர்த்தாமல், தூக்கி எடுத்து மீண்டும் வைத்துச் சரிசெய்யுங்கள். மழைநீர் பின்னால் புகுந்துவிட்டால் எடுத்து உலர்த்துங்கள். வாரக்கணக்கில் அப்படியே விட்டுவைக்க வேண்டாம். வீட்டில் சமதளத்தில் கிடத்தி வைத்தால்தான் அடுத்த முறை விளிம்பு சுருளாமல் படியும்.

வினைல் என்று பொதுவாகச் சொன்னாலும், தேர்வில் முடிவு செய்ய வேண்டியது அதன் பசைதான். ஒரே நிறுவனத்தின் வினைல்களிலேயே இதைப் பார்க்கலாம்: ஓராகல் 631 எளிதில் உரிக்கக்கூடிய பசை கொண்டது, கண்காட்சிகளுக்கும் தற்காலிகப் பலகைகளுக்கும் ஆனது; ஓராகல் 651 பல ஆண்டு வெளியில் நிற்கும் நிரந்தரப் பசை கொண்டது. கடையில் கேட்காமல் வாங்கினால் இரண்டாவது வகையே கைக்கு வரும். அதுவும் ஒரே நாளில் எடுத்துவிட்டால் பெரிய தொல்லை தராது, ஆனால் மறந்து சில மாதம் விட்டால் துண்டு துண்டாகத்தான் உரியும். ஸ்டிக்கர் வெட்டுபவரிடம் "உரிக்கக்கூடிய பசை, மேட் வெள்ளை, மாற்றுத் தாளோடு வேண்டும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். மேட் என்பது பளபளப்பில்லாதது. மாற்றுத் தாள் என்பது எல்லா இலக்கங்களையும் சரியான இடைவெளியோடு ஒன்றாகப் பிடித்துக் கதவுக்கு மாற்றும் மேல்தாள். அது இல்லாமல் இலக்கங்களை ஒவ்வொன்றாக நேராக ஒட்டுவது கடினம்.

அடிக்கடி எண் மாறும் நிகழ்ச்சிகளுக்கு நான் மிகவும் விரும்பும் முறை ஒன்று உண்டு. உரிக்கக்கூடிய வெள்ளை வினைலில் மூலை உருட்டிய செவ்வகத்தை முதலில் கதவில் ஒட்டிவிட்டு, அதன் மேல் கறுப்பு எண்ணை வைப்பது. மேலே வைக்கும் எண் எந்தப் பசை கொண்டதாக இருந்தாலும் பெயின்ட்டைத் தொடுவதில்லை. மாலையில் செவ்வகத்தை உரித்தால் எல்லாம் சேர்ந்து வந்துவிடும். எஃப்ஐஏ கேட்கும் கறுப்பு வெள்ளை அமைப்பும் தானாகவே கிடைத்துவிடுகிறது.

ஒட்டும் நாளில் காரை நிழலில் நிறுத்திக் கதவு கை பொறுக்கும் அளவுக்கு ஆறியபின் வேலையைத் தொடங்குங்கள். சூடான கதவில் பசை தொட்டவுடன் பிடித்துக்கொள்ளும், நகர்த்தித் திருத்த முடியாது. மிகக் குளிர்ந்த கதவில், ஏறத்தாழ 10 பாகை செல்சியஸுக்குக் கீழே, பசை பிடிக்கவே பிடிக்காது. கழுவி உலர்த்திய இடத்தை, தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் ஒருமுறை துடையுங்கள். வாக்ஸும் பளபளப்பு ஸ்பிரேயும்தான் நடு நாளில் எண் உரிந்துபோவதற்குப் பெரும்பாலும் காரணம். எண்ணைக் கதவில் வைத்துப் பார்த்து, நடுவில் செங்குத்தாக ஒரு டேப் பட்டையால் பிடித்துக்கொண்டு, ஒரு பாதியின் பின்தாளை உரித்து நடுவிலிருந்து வெளியே தேய்த்தபடி ஒட்டி, பிறகு மறு பாதியைச் செய்தால் கோணல் வராது. வினைலை இழுக்காமல் படிய விடுங்கள். சிறு காற்றுக் குமிழ்கள் ஒரு நாள் வேலைக்குப் பொருட்டே அல்ல. விளிம்புகள் அழுந்தியிருக்கின்றனவா என்பதை மட்டும் இருமுறை பாருங்கள்.

பசையே இல்லாமல் கண்ணாடியில் ஒட்டும் நிலைமின் படலம் வெளிப்புறத்தில் காற்றுக்கும் தூசுக்கும் நிற்காது; கண்ணாடியின் உட்புறத்தில், எண்ணைத் திருப்பி வெட்டி ஒட்டினால் மட்டும் பயன்படும். வெள்ளைத் திரவ ஷூ பாலிஷால் கண்ணாடியில் எழுதுவது ஆட்டோகிராஸில் பழைய வழக்கம். அவசரத்துக்கு உதவும், சோப்புத் தண்ணீரில் போய்விடும்; ஆனால் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரிலும் பெயின்ட்டிலும் பட்டால் கறை தங்கக்கூடும், மேலும் பெரும்பாலோரின் கையெழுத்தில் அது ஆறில் ஒரு பங்குத் தடிமனை எட்டுவதில்லை.

சில கார்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். மறுபெயின்ட் அடித்த கதவுக்கு, அதன் பெயின்ட் முழுவதும் இறுகும்வரை, அதாவது இரண்டு மூன்று மாதமாவது, எந்த ஒட்டும் பொருளும் காந்தமும் வேண்டாம். பெயின்ட்டைவிட அதன் கீழுள்ள பிரைமரின் பிடிப்பு பலவீனமாக இருந்தால், டேப்பை உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வரும். தொழிற்சாலையில் அடித்த, பழுதில்லாத பெயின்ட்டில் இந்தத் தொல்லை அரிது. செராமிக் கோட்டிங் செய்த காரில் சிக்கல் தலைகீழானது: அங்கே எதுவும் சரியாகப் பிடிக்காது, டேப்பின் விளிம்புகள் முதல் சில சுற்றுகளிலேயே எழும்பும். அத்தகைய காரில் முன் விளிம்பை முழுதும் மறைக்கும் கூடுதல் பட்டை ஒன்றை ஒட்டி, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் பாருங்கள். பாதுகாப்புப் படலம் ஒட்டிய காரில், எண்ணைப் படலத்தின் விளிம்பின் மேல் வைக்காமல் முழுவதும் உள்ளே வையுங்கள், இல்லையேல் உரிக்கும்போது படலத்தின் ஓரமும் எழும்பும். மேட் பெயின்ட்டில் காந்தம் வைக்கவே வேண்டாம். தேய்ந்து பளபளத்த இடத்தை மீண்டும் மேட்டாக்க வழியில்லை.

கழற்றும் வேலையைக் கடைசி ஓட்டம் முடிந்து கதவில் இன்னும் இளஞ்சூடு இருக்கும்போதே செய்வது நல்லது. குளிர்ந்த பிறகுதான் செய்ய முடிகிறது என்றால், ஹேர் டிரையரைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும் அளவுக்கு மட்டும் சூடாக்குங்கள். ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, கதவிலிருந்து நேராக வெளியே இழுக்காமல், டேப்பை அதன் மேலேயே மடித்துக் கதவை ஒட்டியபடி மெதுவாக இழுங்கள். அப்போது இழுவிசை பெயின்ட்டின் மேல் குறைவாகவும் பசையின் மேல் அதிகமாகவும் விழும். மிஞ்சிய பசைக்கு முதலில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், போகாவிட்டால் ஆரஞ்சுத் தோல் எண்ணெய் கலந்த பசை நீக்கி. துணியில் ஊற்றி, பசையின் மேல் ஒரு நிமிடம் வைத்து ஊறவிட்டுத் துடைத்தால் போதும். அசிட்டோனும் பெயின்ட் தின்னரும் பசையோடு கிளியர் கோட்டையும் கரைக்கத் தொடங்கும். சுத்தம் செய்த இடத்தில் வாக்ஸும் போயிருக்கும் என்பதால் அங்கே மட்டும் மீண்டும் கொஞ்சம் தடவிவிடுங்கள்.

வீட்டிலேயே எண்ணை ஒட்டிக்கொண்டு தடத்துக்கு ஓட்டிச் செல்லலாமா என்றால், செல்லாதிருப்பதே நல்லது. பொதுச் சாலையில் பந்தய எண்ணை எடுத்துவிட வேண்டும் அல்லது மறைக்க வேண்டும் என்று சில விளையாட்டு அமைப்புகளின் விதிகளே சொல்கின்றன. அப்படி விதி இல்லாத இடத்திலும், எண்ணோடு போகும் காரை மற்ற ஓட்டுநர்கள் வம்புக்கு இழுப்பதுண்டு. வினைல் எண்ணாக இருந்து வழியில் எடுக்க முடியாவிட்டால், குறுக்காகச் சில பட்டைகள் காகித டேப்பை ஒட்டி மறையுங்கள்.

ஒரே காரை இருவர் ஓட்டும் ஆட்டோகிராஸ் நாளுக்கு இன்னொரு ஏற்பாடு உண்டு. இருவருக்கும் 47, 147 என்பதுபோல ஒரே இலக்கங்களில் முடியும் எண்களைக் கேட்டுப் பெறுங்கள். 47ஐ நிலையாக ஒட்டிவிட்டு, முன்னால் உள்ள 1ஐ மட்டும் காந்தத்திலோ டேப்பிலோ செய்து, ஓட்டுநர் மாறும்போது வைத்தும் எடுத்தும் கொள்ளலாம். அந்த 1 வரும் இடத்தைத் தொடக்கத்திலேயே விட்டு, இரண்டு எண்களிலும் இடைவெளி சீராக இருக்கும்படி ஒட்டுங்கள். ஓட்டுநர் மாறும் சில நிமிடப் பரபரப்பில் ஒரு பக்கத்து 1ஐ மாற்றி மறு பக்கத்தை மறப்பது எளிது, அப்போது நேரக் கணக்கில் இருவர் பெயரும் குழம்பும். ஆகவே காரில் ஏறாத மற்றவரின் பொறுப்பில் அதை விட்டுவிடுங்கள்.